விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே டேட்டாவை எடுத்துப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: பல ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் பில், வாடிக்கையாளர் விவரம், சரக்கு இருப்பு, வரவு செலவு எல்லாம் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறுவது என்று முடிவாகிவிட்டது. பழையதில் எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது. புதியவர்களோ “ஃபைலைக் கொடுங்கள், ஏற்றிவிடுகிறோம்” என்கிறார்கள். இதற்கு மேல் திட்டமிட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு, முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். பழைய நிறுவனத்துக்கு “நாங்கள் விலகுகிறோம்” என்று எழுதுவதற்கு முன்பே, முழு டேட்டாவையும் ஒருமுறை எடுத்துப் புதிய மென்பொருளின் சோதனைக் கணக்கில் ஏற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான அலுவலகங்களில் வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. புதியதற்குப் பணம் கட்டுகிறார்கள், பழையதை ரத்து செய்கிறார்கள், கடைசி வாரத்தில்தான் எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடுகிறார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ரத்து செய்த பிறகு உள்ளே நுழைய முடியுமா, நுழைந்தாலும் பார்க்க மட்டும்தானா, எத்தனை நாள் என்பதெல்லாம் அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அந்த நேரத்தில் “இணைப்புக் கோப்புகள் வரவில்லையே” என்று நீங்கள் கேட்டால், போகிற வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது. சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் அதே ஆள் அதே நாளில் பதில் சொல்வார்.

சரி, அந்தச் சோதனை எக்ஸ்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டனை அழுத்தினால் வருவது பெரும்பாலும் திரையில் தெரிகிற பட்டியலின் நகல்தான். வாடிக்கையாளர் பட்டியல் ஒரு ஃபைல், பில் பட்டியல் ஒரு ஃபைல், ரசீதுப் பட்டியல் ஒரு ஃபைல் என்று வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். ஆனால் மென்பொருளுக்குள் அவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோர்வை ஃபைலில் வந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை வரி வந்தது என்பது அதற்கு அப்புறம்.

ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். பில் எண் 1042, தொகை 10,000. வாடிக்கையாளர் முதலில் 4,000 கட்டினார், பிறகு 2,000 கட்டினார். ஒரு பொருளைத் திருப்பித் தந்ததற்காக 500-க்குக் கிரெடிட் நோட் போட்டீர்கள். பாக்கி 3,500. பழைய மென்பொருளில் அந்தப் பில்லைத் திறந்தால் இந்த மூன்றும் கீழே வரிசையாகத் தெரியும். இப்போது எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள். பில் ஃபைலில் 1042, 10,000 என்று ஒரு வரி. ரசீது ஃபைலில் அந்த வாடிக்கையாளர் பெயரில் 4,000, 2,000 என்று இரண்டு வரி. கிரெடிட் நோட் ஃபைலில் 500 என்று ஒரு வரி. எந்த ரசீது எந்தப் பில்லுக்கு என்று சொல்லும் பத்தி, அதாவது நெடுவரிசை, எதிலும் இல்லை.

புதிய மென்பொருளில் ஏற்றினால் என்ன ஆகும்? 1042 முழு 10,000-மும் பாக்கி என்று நிற்கும். இன்னொரு பக்கம் எந்தப் பில்லிலும் சேராத 6,500 வரவாகத் தொங்கும். வாடிக்கையாளரின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் 3,500, மிகச் சரி. எல்லாக் கணக்குகளின் பற்று வரவு இருப்புகளைச் சரிபார்க்கும் ட்ரயல் பேலன்ஸும் ஒத்துப்போகும். எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். அடுத்த வாரம் புதிய மென்பொருள் தானாகவே அந்த வாடிக்கையாளருக்கு “10,000 பாக்கி, கெடு தாண்டிவிட்டது” என்று நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும். இப்படிச் சில நூறு பேருக்குப் போனால் அலுவலகத் தொலைபேசியை யார் எடுப்பது?

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ரசீது எந்தப் பில்லில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற தனி அட்டவணையைப் பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது. அது உள்ளே கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களாலேயே பாக்கியைக் காட்ட முடியாது. பட்டனில் வராது, கேட்டால்தான் வரும். இரண்டாவது வழி இன்னும் சுலபம்: முடிந்துபோன பில்களை விட்டுவிட்டு, பாக்கி உள்ளவற்றை மட்டும் பழைய எண்ணோடும் பழைய தேதியோடும் மீதித் தொகைக்கு ஏற்றுவது. 1042, அதே தேதி, 3,500. சிறிய நிறுவனங்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

இதே கோர்வைப் பிரச்சினை வேறு உருவங்களிலும் வரும். வாடிக்கையாளரைப் பெயரால் மட்டும் அடையாளம் காட்டுகிற ஃபைல் வந்தால் வாங்காதீர்கள். ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், ஒருவரே இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பார். உள் எண் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பழைய எண்ணைப் புதிய மென்பொருளில் “பழைய எண்” என்று தனிப் பத்தி திறந்து அப்படியே வைத்திருங்கள். ஒரு வருடம் கழித்துப் பழைய காகிதம் ஒன்றோடு யாராவது வரும்போது தேட அதுதான் கைகொடுக்கும். பில்லின் நிலை என்ற பத்தியில் “கட்டியது”, “பாக்கி” என்று வராமல் வெறும் 3, 5, 7 என்று வரும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற பட்டியல் இல்லாமல் அந்தப் பத்தியால் பயனில்லை. எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நேரமும் ஒரு வம்பு. பல மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் உள்ளே சேமிக்கின்றன, திரையில் காட்டும்போது உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். எக்ஸ்போர்ட்டில் சில சமயம் மாற்றாமலே வந்துவிடும். பொது நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னே இருக்கிற ஊர்களில், முதல் தேதி அதிகாலை ஒரு மணிக்குப் போட்ட பில் முந்தைய மாதக் கடைசித் தேதிக்குப் போய்விடும். இரவில் ஓடுகிற வியாபாரமாக இருந்தால் மாதக் கணக்கே இடிக்கும்.

இணைப்புகளை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஸ்கேன் செய்த ரசீதுகள், கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், பொருள்களின் படங்கள், பில்லோடு ஒட்டி வைத்த மின்னஞ்சல்கள் எல்லாம் இதில் சேரும். வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸின் வழக்கமான எக்ஸ்போர்ட்டில் படங்களும் ஆவணங்களும் வேண்டுமென்றால் அதற்கெனத் தனிக் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். தயாரான ஜிப் ஃபைல்களும் மின்னஞ்சல் வந்த 48 மணி நேரத்தில் அழிந்துவிடும், அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கின் எக்ஸ்போர்ட்டில் கோப்புகள் வருவதில்லை, கோப்புகளுக்கான சுட்டிகள்தான் வரும். சுட்டி எதைக் காட்டுகிறதோ அது பழைய நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கணக்கை மூடிய மறுநாள் உங்களிடம் இருப்பது எங்கும் போகாத சில ஆயிரம் சுட்டிகள் மட்டுமே. உங்கள் எக்ஸ்போர்ட் ஃபைலில் எங்கெல்லாம் இணைய முகவரி போன்ற பத்தி இருக்கிறதோ, அங்கெல்லாம் “இந்தக் கோப்பை நாம் இறக்கிவிட்டோமா” என்று கேளுங்கள். இறக்கிய கோப்பு எந்தப் பில்லுக்கு உரியது என்பது கோப்பின் பெயரிலோ தனிப் பட்டியலிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் “ஸ்கேன் 001”, “ஸ்கேன் 002” என்று ஒரு மூட்டைதான் மிஞ்சும்.

யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற மாற்றப் பதிவும் அதே வகை. புதிய மென்பொருளுக்குள் அதை ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். ஆனால் தணிக்கையிலோ வழக்கிலோ கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முழு பேக்கப் தருகிறோம் என்று பழைய நிறுவனம் சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பேக்கப் என்பது அதே மென்பொருளுக்குள் திரும்ப ஏற்றுவதற்கானது. உதாரணமாக மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் பேக்கப் கோப்பை அதே பதிப்பிலோ அதைவிடப் புதிய பதிப்பிலோதான் திறக்க முடியும், பழைய பதிப்பில் திறக்காது. திறந்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான அட்டவணைகள், எதில் என்ன இருக்கிறது என்ற விளக்கம் இல்லாமல் கிடக்கும். கிடைத்தால் வாங்கி வையுங்கள், கெட்டுப்போகாது. ஆனால் எக்ஸ்போர்ட்டுக்குப் பதிலாக அதை ஏற்காதீர்கள்.

இப்போது சிஎஸ்வி ஃபைலுக்கும் எக்செலுக்கும் வருவோம். கண்ணுக்குத் தெரியாமல் டேட்டா கெடுகிற இடம் இதுதான்.

சிஎஸ்வி என்பது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. அதை இருமுறை சொடுக்கினால் எக்செல் திறக்கும், திறக்கும்போதே தன் புத்திக்கு எட்டியபடி மாற்றவும் செய்யும். பூஜ்யத்தில் தொடங்குகிற தொலைபேசி எண்ணிலும் பொருள் எண்ணிலும் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கம் உள்ள கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 3-4 என்று எழுதிய பொருள் அளவு தேதியாக மாறும். தேதிகளோ இன்னும் மோசம். 04/03 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்பதைக் கணினியின் அமைப்பைப் பார்த்து எக்செல் தீர்மானிக்கும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை மாறாது, அதனால் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும். மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படவே படாது. திறந்து பார்த்துவிட்டு “சேவ் செய்யவா” என்ற கேள்விக்கு “ஆம்” என்று ஒரு சொடுக்குப் போட்டால் போதும், மூலக் கோப்பே போச்சு.

விஷயம் தெரிந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 என்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால் அவை மார்ச்எஃப்1, செப்டின்1 ஆயின. அதே 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டது தெரியவந்தது. ஆய்வகங்களின் சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. இன்றைய எக்செலிலும் எல்லை உண்டு: 10,48,576 வரி. பத்து வருட சரக்கு நகர்வு அதைத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை.

ஆகவே வழக்கம் இப்படி இருக்கட்டும். இறக்கிய மூலக் கோப்புகளை ஒரு போல்டரில் போட்டு, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். பார்ப்பது, திருத்துவது எல்லாம் நகலில். எக்செலில் திறக்கத்தான் வேண்டுமென்றால் இருமுறை சொடுக்காமல், டேட்டா மெனுவில் உள்ள இறக்குமதி வழியாகத் திறந்து, எண் போலத் தெரிகிற எல்லாப் பத்திகளையும் டெக்ஸ்ட் என்று குறியுங்கள். தேதிகளை 2024-03-04 என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் கேட்டு வாங்குங்கள். அந்த வடிவத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. எழுத்துக் குறியீடு, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்குகிற யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். தமிழில் பெயர்கள் உள்ள ஃபைலை எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அதிலிருந்து மீட்கவே முடியாது. திறக்கும்போது குப்பையாகத் தெரிவது வேறு விஷயம், அது மீட்கக்கூடியது. சேமித்ததுதான் போனது.

இன்னொரு நுணுக்கம். சேல்ஸ்ஃபோர்ஸின் பதிவு எண்கள் 15 எழுத்து, 18 எழுத்து என்று இரண்டு வடிவத்தில் வரும். 15 எழுத்து வடிவத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரு பட்டியலிலிருந்து பொருந்தும் வரியைத் தேடி எடுக்கும் எக்செலின் வீலுக்கப் சூத்திரம் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர்களை ஒருவராக இணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும். 18 எழுத்து வடிவத்தை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வரிகளை எண்ணிச் சரிபார்க்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முகவரியில் யாராவது எண்டர் தட்டியிருந்தால் சிஎஸ்வியில் ஒரு பதிவு இரண்டு மூன்று வரிகளாகப் பிரிந்து கிடக்கும். மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது முறைப்படி சரிதான். ஆனால் வரி எண்ணிக்கையும் பதிவு எண்ணிக்கையும் ஒத்துப்போகாது, மோசமாக எழுதப்பட்ட இறக்குமதி நிரலில் அங்கிருந்து கீழே எல்லாம் ஒரு பத்தி தள்ளிப் போகும்.

ஏபிஐ வழியாக, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் வழியில், எடுக்கலாமே என்று புதிய நிறுவனத்தார் சொல்லலாம். எடுக்கலாம், பெரும்பாலும் பட்டனைவிட அதுதான் நல்லது, கோர்வை எண்களோடு வரும். ஆனால் ஒரு மணிக்கு அல்லது ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பு இருக்கும், பல லட்சம் பதிவு என்றால் நாள்கணக்கில் ஓடும். மூடி வைத்த, அழித்த பதிவுகள் கேட்காமல் வராது. திட்டத்தில் அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

எவ்வளவு பழைய டேட்டாவைக் கொண்டுபோவது? இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: முடிந்த அளவு குறைவாக. எல்லாவற்றையும் புதியதில் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் ஆசைப்படுவார்கள். பத்து வருடத்துப் பில்களை ஏற்றுவதற்கு ஆகும் உழைப்பும், அந்தப் பத்து வருடத்தின் அழுக்கும் சேர்ந்தே வரும். வாடிக்கையாளர், சப்ளையர், பொருள் பட்டியல்களில் உயிரோடு இருப்பவை, தொடக்க இருப்புகள், பாக்கி உள்ள பில்கள், முடியாத ஆர்டர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கடந்த ஒரு வருடத்தின் மாத மொத்தங்கள். இவ்வளவு போதும். சரக்கில் எண்ணிக்கை மட்டும் போதாது. என்ன மதிப்பில், எந்த பேட்ச் எண்ணில், எந்தக் காலாவதித் தேதியில் என்பதும் வேண்டும். சம்பளம் என்றால் நடப்பு ஆண்டில் இதுவரை கொடுத்தது, பிடித்தது ஆகியவற்றின் மொத்தம் கட்டாயம்.

மிச்சமெல்லாம் காப்பகத்துக்கு. அதைத் தூக்கிப் போடுவது என்று அர்த்தமில்லை. கணக்குப் புத்தகங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு சட்டம், அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பகம் பழைய மென்பொருள் இல்லாமலே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிஎஸ்வி கோப்புகள், பில்களின் பிடிஎஃப், முடிந்தால் எல்லா அட்டவணைகளையும் ஒரே எஸ்கியூலைட் கோப்பில் (ஒரே கோப்புக்குள் அடங்கும் தரவுத்தளம்) போட்ட ஒரு பிரதி. எஸ்கியூலைட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே டேட்டாவை நீண்ட காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது, இலவசக் கருவிகளால் திறக்கலாம். ஆண்டு இறுதி அறிக்கைகளையும் பேரேடுகளையும் அப்படியே பிடிஎஃப் ஆக அச்சிட்டு வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால், பத்தில் ஒன்பது தடவை தேவைப்படுவது அதுதான்.

சேமித்த கார்டு விவரங்கள் மட்டும் எந்த எக்ஸ்போர்ட்டிலும் வராது, வரவும் கூடாது. மாதாமாதம் வாடிக்கையாளர் கார்டிலிருந்து பணம் எடுக்கிற வியாபாரம் என்றால், பழைய கட்டண நிறுவனத்திலிருந்து புதிய கட்டண நிறுவனத்துக்கு அவர்களே நேரடியாக மாற்றிக்கொள்ள வேண்டும், இரு தரப்பும் பிசிஐ என்ற கார்டு பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு முதலிலேயே தொடங்குங்கள். மறந்தால் எல்லா வாடிக்கையாளரிடமும் போய்க் கார்டு எண்ணைத் திரும்பக் கேட்க வேண்டும், அதில் ஒரு பகுதியினர் அப்படியே விலகிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி. பழைய ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேதி எது, முடிந்த பிறகு டேட்டாவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த வடிவத்தில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிற டேட்டா சட்டத்தின்படி, கிளவுட் சேவையிலிருந்து மாற முன்னறிவிப்புக் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு மாற்றத்தைப் பொதுவாக 30 நாளில் முடித்துத் தர வேண்டும். அதன் பின்னும் குறைந்தது 30 நாள் டேட்டாவை எடுத்துக்கொள்ள விட வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கான கட்டணமே வாங்கக் கூடாது. அங்கே இல்லாதவர்களுக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது. ஆனால் புதிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது இந்த எண்களையே அளவுகோலாக வைத்துப் பேசலாம், “ஐரோப்பாவில் கொடுக்கிறீர்களே” என்று கேட்கலாம். இன்னொன்று: டேட்டாவைக் கேட்டு வாங்கும் உரிமை என்று பலர் மேற்கோள் காட்டுகிற, ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 20-ஆம் பிரிவு தனிநபர்களுக்கானது. உங்கள் நிறுவனத்தின் பில்களை அதைக் காட்டி வாங்க முடியாது.

நிறுவனமே மூடிக்கொண்டு போவதும் நடக்கும். நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் தன் வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்த அவகாசம் சுமார் இரண்டே வாரம்தான். டெராபைட் கணக்கில் வைத்திருந்தவர்கள் இரண்டு வாரத்தில் எங்கே எடுத்துப் போவது? மாறும் எண்ணம் இல்லாத காலத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு எக்ஸ்போர்ட் எடுத்துத் தன் கைவசம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மாறும் நாளை எப்படி வைப்பது? சோதனை ஓட்டம் குறைந்தது இரண்டு தடவை. முதல் தடவையில் எதெல்லாம் உடைகிறது என்று தெரியும். இரண்டாவது தடவையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். நிஜமான நாளில் வெள்ளி மாலை பழையதில் பதிவுகளை நிறுத்தி, கடைசி எக்ஸ்போர்ட் எடுத்து, ஏற்றி, சரிபார்த்து, திங்கள் காலை புதியதில் தொடங்குவது வழக்கம். சரிபார்ப்பில் ஓர் எண் இடித்தால் திங்களன்று பழையதிலேயே தொடர்வோம் என்ற முடிவையும், அதை யார் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நிதியாண்டுத் தொடக்கத்தில் மாறுவது கணக்குக்குச் சுத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் கணக்குப் பிரிவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சும்மா ஒரு மாதத் தொடக்கமே போதும்.

சரிபார்ப்பதை எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு அட்டவணையிலும் பதிவு எண்ணிக்கை, தொகைகளின் கூட்டல், ட்ரயல் பேலன்ஸ், வாடிக்கையாளர் வாரியாகப் பாக்கி, அந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்ற அறிக்கை. இந்தக் கடைசி அறிக்கைதான் மேலே சொன்ன 1042 போன்ற பிழையைக் காட்டிக்கொடுக்கும், மொத்தங்கள் காட்டாது. அப்புறம் இருபது முப்பது பதிவுகளை எடுத்து, இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பத்தியாகப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டாம். மிகப் பழையது, மிகப் பெரியது, வெளிநாட்டு நாணயத்தில் உள்ளது, ரத்தானது, பாதி கட்டியது, விசித்திரமான பெயர் உள்ளது என்று வேண்டுமென்றே கோணலானவற்றை எடுங்கள். இந்த வேலையைப் புதிய நிறுவனத்தாரிடம் விடாதீர்கள். “ஏற்றியாகிவிட்டது” என்பதுதான் அவர்கள் கணக்கில் முடிவு. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு பாக்கி என்று மனப்பாடமாகத் தெரிந்தவர் உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் இருப்பார். சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

டேட்டா சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் போதாது என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைச் சொல்லலாம். 2018 ஏப்ரலில் அந்த வங்கி தன் கணினி அமைப்பை மாற்றியது. விசாரித்த ஒழுங்குமுறை அமைப்புகளே டேட்டா வெற்றிகரமாக மாறியதாகத்தான் சொன்னார்கள். புதிய தளம்தான் உடனே படுத்துவிட்டது. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. உங்கள் அளவுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஏற்றிய டேட்டாவோடு ஒரு நாள் வேலையை முழுதாக ஓட்டிப் பாருங்கள். பில் போடுங்கள், அச்சிடுங்கள், திருப்பிப் பெறுங்கள், எல்லா ஊழியரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையுங்கள்.

பழைய சந்தாவை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று மாதம், முடிந்தால் ஒரு வரித் தாக்கல் முடியும் வரை, பார்க்க மட்டும் என்ற குறைந்த திட்டத்திலாவது வைத்திருங்கள். அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். அதுவரை பழையதில் யாரும் புதிதாக எதையும் பதியாதபடி ஊழியர்களின் அனுமதிகளை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் யாராவது ஒரு பில்லை அங்கே போட்டுவிடுவார்கள்.

இந்த மாதங்களில் உங்கள் முழு வாடிக்கையாளர் பட்டியல் பல நகல்களாகப் பல இடங்களில் கிடக்கும்: யாரோ ஒருவரின் டவுன்லோட் போல்டர், புதிய நிறுவனத்தாருக்கு அனுப்பிய மின்னஞ்சல், ஒரு பென் டிரைவ். எங்கெங்கே என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள், காப்பகப் பிரதிகள் தவிர மற்றவற்றை அழித்துவிடுங்கள். பழைய மென்பொருளுக்கும் வங்கி, இணையக் கடை போன்றவற்றுக்கும் இருந்த இணைப்புச் சாவிகளை ரத்து செய்யுங்கள். கடைசியில் பழைய நிறுவனத்திடம் “உங்கள் டேட்டாவை அழித்துவிட்டோம்” என்று தேதியோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு, வங்கியில் அவர்களுக்குத் தானாகப் போகிற கட்டணத்தையும் நிறுத்திவிடுங்கள்.